புதுத் தலைமுறை கன்சோல்: வருடக்கணக்கில் விளையாடிய பிறகு எனக்குத் தெரிவது

புதிதாக ஒரு கன்சோல் (வீடியோ கேம் மெஷின்) தலைமுறை வருகிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது கிராபிக்ஸ் எப்படி என்றுதான். சோனியின் பிளேஸ்டேஷன் 5 வந்த காலத்திலிருந்தே அதில் விளையாடி வருகிறேன். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன், இப்போது நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-ம் கையில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன்: படம் அழகாக இருப்பதற்குக் கண் சீக்கிரமே பழகிவிடும். கொஞ்ச நாளில் அது புதுசாகவே தெரியாது. ஆனால் காத்திருக்காமல் விளையாடுவதற்குக் கை பழகிவிட்டால் பழைய மெஷினுக்குத் திரும்பவே மனசு வராது. அடுத்த தலைமுறையை எடைபோடும்போதும் நான் பார்க்கப்போவது இதைத்தான்: படம் எவ்வளவு மாறுகிறது என்பதை விட, நாம் விளையாடும் விதம் எவ்வளவு மாறுகிறது என்பது.

காத்திருப்பு ஒழிந்ததற்குக் காரணம் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத சேமிப்புச் சிப். பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதிலிருந்து விநாடிக்கு 50 முதல் 100 எம்பி வரைதான் எடுக்க முடியும். பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்எஸ்டி விநாடிக்கு 5.5 ஜிபி தருகிறது, சீரிஸ் எக்ஸில் இருப்பது 2.4 ஜிபி. இதை வெறும் லோடிங் வேகம் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். ஹார்ட் டிஸ்கில் தகவலைப் படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். அந்த நகர்வைக் குறைப்பதற்காக ஒரே பொருளைப் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பதிந்து வைப்பார்கள். பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் கொடுத்த விளக்கவுரையில், ஸ்பைடர்மேன் கேமின் தெருவோரத் தபால்பெட்டி போன்ற சில பொருள்கள் டிஸ்கில் 400 தடவை பதிந்திருந்ததாகச் சொன்னார். பழைய கேம்களில் கதாநாயகன் பாறை இடுக்கில் பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து போவான், லிஃப்டில் நின்றபடி நீளமாகப் பேசுவான். அதில் பெரும்பகுதி அடுத்த இடத்தை லோடு செய்வதற்காகக் கடத்திய நேரம். கதை, நகரத்தின் அமைப்பு, ஓடும் வேகம் எல்லாமே ஒரு டிஸ்கின் வேகத்துக்கு அடங்கி இருந்தன.

இதன் அருமை படுகஷ்டமான கேம்களில்தான் நன்றாகத் தெரியும். பிளேஸ்டேஷன் 5-உடன் அதே நாளில் வெளிவந்த டீமன்ஸ் சோல்ஸ் கேமில் ஒரு பாஸ் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) உங்களை அடித்து வீழ்த்தினால், சில விநாடிகளில் மறுபடி எழுந்து நிற்கலாம். எந்த அடிக்கு எந்தப் பக்கம் உருண்டிருக்க வேண்டும் என்பது நினைவில் பச்சையாக இருக்கும்போதே அடுத்த முயற்சி தொடங்கிவிடுகிறது. முந்தைய தலைமுறையில் இதே வகைக் கேம்களில் செத்துவிட்டால், மறுபடி லோடாகும் வரை போனைக் கையில் எடுத்துவிடுவேன், கவனம் அங்கேயே உடைந்துவிடும். கஷ்டமான கேம்கள் எனக்குப் பிடித்துப்போனதே இந்தத் தலைமுறையில்தான். அப்புறம், பாதியில் விட்ட கேமை அப்படியே தூங்க வைத்து எழுப்பும் வசதி. எக்ஸ்பாக்ஸின் குவிக் ரெஸ்யூம் ஒரே நேரத்தில் பல கேம்களை இப்படி நிறுத்தி வைக்கும். வேலை, வீடு என்று நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறவர்களுக்கு இருபது நிமிடம் இருந்தாலே ஒரு கேம் விளையாடலாம் என்பது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) திரையில் மாறுகிறது என்பது. இந்தத் தலைமுறைக் கேம்கள் பலவற்றில் முதல் மெனுவிலேயே ஒரு கேள்வி வரும்: குவாலிட்டி மோடா, பெர்ஃபார்மன்ஸ் மோடா? முதலாவதில் படம் கூர்மையாக, விநாடிக்கு 30 ஃபிரேம். இரண்டாவதில் படம் கொஞ்சம் மங்கலாக, 60 ஃபிரேம். கடையில் போட்டுக் காட்டும்போது குவாலிட்டி மோடுதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் நாள் முழுக்க விளையாடுகிறவர்கள் 60 பக்கம்தான் போகிறார்கள். கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுப்பதாகச் செர்னியே 2024-இல் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகப்படுத்தும்போது சொன்னார். பட்டனை அமுக்கியதும் ஆள் திரும்புவது கையில் உணரக்கூடிய வித்தியாசம், அதனால் இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இடையில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. விநாடிக்கு 120 தடவை படத்தை மாற்றக்கூடிய 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் சில கேம்களில் 40 ஃபிரேம் மோடு திறக்கும். 30 ஃபிரேமில் ஒரு படம் திரையில் நிற்பது 33.3 மில்லி விநாடி, 60-இல் 16.7. நாற்பதில் 25, அதாவது சரியாக நடுவில். 120-ஐ 40 மீதியில்லாமல் வகுக்கும் என்பதால் ஓட்டமும் தடங்கல் இல்லாமல் இருக்கும். 2021-இல் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமில் இதைப் போட்டுப் பாருங்கள். படக் கூர்மையும் குறையாது, கையும் மந்தமாகத் தோன்றாது. ஆகக் கன்சோலைப் பற்றி யோசிக்கும்போதே டிவியையும் சேர்த்து யோசியுங்கள். எச்டிஎம்ஐ 2.1 கேபிள் இணைப்பு, 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும்போது டிவியும் அதோடு ஒத்துப்போவதற்குத்தான் விஆர்ஆர். இந்த மூன்றும் இல்லாத டிவியில் மெஷின் தரக்கூடியதில் ஒரு பகுதி உங்களுக்கு வந்து சேராது.

சரி, புது மெஷினை முதல் நாளே வாங்கினால் என்ன கிடைக்கும்? பழைய தலைமுறையின் கேம்கள், இன்னும் நன்றாக ஓடும் நிலையில். இதைச் சலிப்பாகச் சொல்லவில்லை, எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். 2022-இல் வெளியான ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ராக்னராக் மூன்றும் பிளேஸ்டேஷன் 4-இலும் ஓடின. காரணம் எளிது. பிளேஸ்டேஷன் 4 விற்றது 11.7 கோடிக்கும் மேல், அத்தனை பேரை விட்டுவிட்டு யாரும் கேம் செய்ய மாட்டார்கள். சிப் தட்டுப்பாட்டால் புது மெஷின்களும் அப்போது கடைகளில் நிற்கவில்லை. புது மெஷினுக்காக மட்டும் யோசித்த கேம்கள் தொடர்ந்து வரத் தொடங்கியது 2023-இல்தான். அடுத்த தலைமுறையில் இந்த இடைக்காலம் இன்னும் நீளும் என்றே நினைக்கிறேன். பெரிய கேம் ஒன்று செய்ய ஐந்தாறு வருடம் ஆகிறது, அதில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க எத்தனை மெஷினில் விற்க முடியுமோ அத்தனையிலும் விற்பார்கள்.

பழைய மெஷினே போதும் என்று இருப்பவர்களுக்கும் ஒரு எல்லை உண்டு. சைபர்பங்க் 2077 கேமை 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவர்களுக்கு அது தெரியும். ஓட்டம் அவ்வளவு மோசமாக இருந்ததால் வெளிவந்த சில நாள்களிலேயே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது, பல மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தது. 2023-இல் வந்த அதன் விரிவாக்கமான ஃபேன்டம் லிபர்டி பழைய கன்சோல்களுக்கு வரவே இல்லை. ஒரே தலைமுறைக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. சீரிஸ் எக்ஸில் கேம் ஓடும்போது பயன்படும் மெமரி (ரேம்) 16 ஜிபி, அதன் தம்பி சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3-இல் இருவர் ஒரே திரையில் ஆடும் வசதியைச் சீரிஸ் எஸ்ஸில் கொண்டுவர முடியாமல் எக்ஸ்பாக்ஸ் பதிப்பே தாமதமானது. அடுத்த முறை ஒரே பெயரில் இரண்டு மெஷின் வந்தால், டெராஃப்ளாப்ஸ் என்ற சிப் வேகக் கணக்கை விட்டுவிட்டு மெமரி அளவை முதலில் பாருங்கள்.

கன்ட்ரோலர் விஷயத்தில் நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸில், ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிகர்கள் கேமுக்குத் தகுந்தபடி இறுகும். ரிடர்னல் கேமில் இடது ட்ரிகரைப் பாதி அழுத்தினால் குறி பார்க்கலாம். அங்கே விரலுக்கு ஒரு தடை தட்டும். அந்தத் தடையைத் தாண்டி முழுக்க அழுத்தினால் துப்பாக்கியின் இரண்டாவது சக்தி வெடிக்கும். ஒரே பட்டனில் இரண்டு வேலை, இரண்டும் கலங்காமல். அதே கேமில் மழை பெய்யும்போது உள்ளங்கையில் சின்னச் சின்னத் துளிகளாகத் தெரியும். வருத்தம் என்னவென்றால், சோனியின் சொந்த ஸ்டூடியோக்கள் தவிர மற்றவர்கள் இதை முழு மனதோடு பயன்படுத்துவது குறைவு. பல மெஷின்களுக்கும் சேர்த்துச் செய்யும் கேமில் ஒன்றுக்கு மட்டும் இந்த உழைப்பைப் போட நேரம் கிடைப்பதில்லை. புது மெஷினோடு வரும் தனி வசதி எதுவானாலும் இதே கதிதான் நேரும், அதை நம்பி மட்டும் மெஷின் வாங்க வேண்டாம்.

ஸ்டிக் ட்ரிஃப்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலரில் ஆளை நகர்த்தும் ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நகரும் கோளாறு அது. ஸ்டிக்குக்குள் உராய்ந்து அதன் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற பாகம் தேய்வதுதான் பெரும்பாலும் காரணம். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் வகை ஸ்டிக்கில் அந்த உராய்வு கிடையாது. இருந்தும் பெரிய கம்பெனிகளின் சாதாரணக் கன்ட்ரோலர்களில் அது இன்னும் வரவில்லை. தினமும் விளையாடுகிறவர் கன்ட்ரோலரைத் தேயும் பொருளாகக் கணக்கில் வைப்பதே நல்லது.

சத்தம் முந்தைய தலைமுறையை விட வெகுவாகக் குறைந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5-இன் பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேர்வதற்கென்றே செய்த துளைகள் தெரியும், அவ்வப்போது அங்கே வேக்யூம் வைத்து இழுத்தால் போதும்.

கேம்களைச் சேமித்து வைக்கும் இடம்தான் தீராத தலைவலி. முதல் பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி என்றாலும் நமக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். ஒரு கால் ஆஃப் டியூட்டி மட்டுமே 100 ஜிபிக்கு மேல் தின்னும்போது இது எத்தனை நாளைக்கு? கூடுதல் எம்.2 எஸ்எஸ்டி போடும் வழி 2021 செப்டம்பர் அப்டேட்டில்தான் திறந்தது. ஸ்விட்ச் 2-இல் 256 ஜிபி. அதன் கேம்களைச் சேர்த்து வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டு வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய கார்டு உதவாது. புது மெஷின் வாங்கும்போது இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

விலையைப் பற்றிய பழைய அறிவுரை ஒன்றும் இப்போது செல்லாது. முன்பெல்லாம் இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் விலை இறங்கும் என்பார்கள். இந்தத் தலைமுறையில் அது தலைகீழானது. 2022 ஆகஸ்டில் சோனியும், 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாடுகளில் விலையை ஏற்றின. பொறுத்திருப்பதில் இன்றும் அர்த்தம் உண்டு, ஆனால் அது கேம்களுக்காக.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கேமைப் பதிந்து விற்கும் டிஸ்க் மறைவது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம்-கீ கார்டில் கேமே இருக்காது. கார்டைச் செருகிவிட்டு முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். ஆன்லைன் கடை திறந்திருக்கும் வரை இதில் பிரச்சினை தெரியாது. நின்டெண்டோவின் பழைய மெஷின்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் கடைகள் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். டிஜிட்டலாக மட்டுமே வந்த கேம்களை அதற்குப் பிறகு அந்த மெஷின்களில் புதிதாக வாங்க வழியில்லை. பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கிய டிஸ்குகள் என் அலமாரியில் இன்னும் இருக்கின்றன. புது மெஷினில் போட்டால் ஓடுகின்றன, சிலது முன்பை விட நன்றாகவே ஓடுகின்றன. பழைய கேம்கள் இப்படி ஓடுவது இந்தத் தலைமுறையின் பெரிய வரம். எக்ஸ்பாக்ஸில் எஃப்பிஎஸ் பூஸ்ட் என்ற வசதி, கேமைச் செய்தவர்கள் அதன் நிரலைத் தொடாமலே சில பழைய கேம்களின் ஃபிரேம் ரேட்டை இரட்டிப்பாக்குகிறது.

அடுத்த தலைமுறைக்கான வேலை தொடங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூனில் சிப் கம்பெனியான ஏஎம்டியோடு கைகோத்திருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் சேர்ந்து, ஒளி எங்கே பட்டுத் தெறிக்கிறது என்று கணக்கிடும் ஒளிக்கதிர்க் கணக்குக்கென்றே தனிப் பகுதி, நியூரல் நெட்வொர்க் கொண்டு படத்தைப் பெரிதாக்கும் பகுதி என்று சிப்புக்கான புது யோசனைகளைக் காட்டினார்கள். இன்னும் சில வருடத்தில் அவை கன்சோலுக்கு வரும் என்பது செர்னியின் பேச்சு. சிறிய படத்தை வரைந்து, மீதியைக் கணித்து நிரப்பும் வழக்கம் இனி எல்லாக் கேமிலும் இருக்கும். இடையிடையே கணித்து நுழைக்கும் ஃபிரேம்களையும் கூட்டி, 120 என்று அட்டையில் போடுவார்கள். நுழைத்த ஃபிரேமால் பார்வைக்கு ஓட்டம் வழுக்கும், ஆனால் பட்டனுக்குக் கேம் பதில் சொல்லும் வேகம் அதனால் கூடாது. அறிமுக விழாவில் நான் காது கொடுத்துக் கேட்கப்போவது நான்கு விஷயங்கள்: கணித்து நிரப்பாமல் எத்தனை ஃபிரேம், மெமரி எவ்வளவு, பழைய கேம்கள் எல்லாம் ஓடுமா, டிஸ்க் போட இடம் இருக்கிறதா. நாலுக்கும் நல்ல பதில் வந்தாலும், அந்த மெஷினுக்காகவே செய்த கேம் மூன்றாவது வரும் வரை இப்போது இருப்பதிலேயே விளையாடிக்கொண்டிருப்பேன்.