பழைய சாப்பாட்டு மேசைக்கு ‘அப்படியே பொருந்தும்’ உதிரிபாகமா? உஷார்!

“பழங்கால மேசைக்கு அப்படியே பொருந்தும், முழுப் பித்தளை” என்ற விளம்பரத்தின் பேரில் வாங்கிய செட்: நான்கு காஸ்டர் (மேசைக் காலின் அடியில் மாட்டும், சக்கரம் வைத்த உலோகக் கிண்ணம்), மடிப்புப் பலகைக்கு ஆறு கீல், கால்களைச் சட்டத்தோடு பிணைக்க எட்டு போல்ட்-நட். மூன்றுமே உதவாதவை. கீல் மேசையையே பாழாக்கக்கூடியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மடிப்புப் பலகை வைத்த பழைய மேசையில் நடுப்பலகையின் விளிம்பு வெளியே வளைந்தும், மடியும் பலகையின் விளிம்பு அதற்கேற்பக் குடைந்தும் இருக்கும். இதற்கான கீலின் இரண்டு தகடும் ஒரே நீளம் கிடையாது. குட்டைத் தகடு நடுப்பலகைக்கு, நீளத் தகடு மடியும் பலகைக்கு. கீலின் குழல் மரத்துக்குள் புதையும். திருகுத் தலை உட்காரும் குழிவு குழலுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும்.

வந்த கீலில் இரண்டு தகடும் சமம், குழிவு குழல் இருக்கும் பக்கத்திலேயே. அதாவது சாதாரணக் கதவுக் கீல், பழுப்பு நிறம் ஏற்றியது. இதைப் பொருத்தினால் மடியும் பலகைத் திருகு, குடைந்து மெலிந்த இடத்திலேயே இறங்கும். மரம் பிளக்கும், அல்லது திருகு முனை வெளியே எட்டிப்பார்க்கும். கீலின் ஊசி (குழலுக்குள் இருக்கும் அச்சுக் கம்பி) வளைவின் மையத்தில் நிற்காவிட்டால் பலகை மடியும்போது உரசி, மெல்லிய விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும். ஆர்டர் போடும் முன் ஊசி மையத்திலிருந்து முதல் திருகுத் துளைவரை உள்ள தூரத்தை இரண்டு தகட்டிலும் கேளுங்கள். அது தெரியாத விற்பனையாளரிடம் இந்தக் கீல் இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து போல்ட். “8 மி.மீ.” என்று போட்டிருந்தது. பழைய ஆங்கிலேய மேசைகளில் சாதாரணமாக வரும் 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ., அளந்தால் 8 போலத்தான் தெரியும். வித்தியாசம் மரையில். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவுமுறை) மரையில் அங்குலத்துக்கு 18 சுற்று, இடைவெளி 1.41 மி.மீ., கோணம் 55 பாகை. எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) மரையில் இடைவெளி 1.25 மி.மீ., கோணம் 60. புது நட்டைப் பழைய போல்ட்டில் போட்டால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். “கொஞ்சம் எண்ணெய் விட்டு ஸ்பானரால் திருப்புங்கள்” என்பதுதான் விற்பனையாளரிடமிருந்து வந்த பதில்! திருப்பினால் பழைய மரை சிதைந்துவிடும். மரை கேஜ் (மரை இடைவெளியை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதிக் கேளுங்கள். விட்வொர்த் கிடைக்காவிட்டால் அமெரிக்க அங்குல மரையான யுஎன்சி 5/16 மேசைக்குப் போதும், சுற்று அதே 18தான். 1/2 அங்குலத்தில் மட்டும் அது நடக்காது: விட்வொர்த்தில் 12, யுஎன்சியில் 13. 1841இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் தன் அளவுமுறையை முன்வைப்பதற்கு முந்தைய மேசையென்றால் பொது அளவே கிடையாது. ஒரு போல்ட்டின் நட் அடுத்ததில் ஏறாமல் போகலாம். கழற்றும்போதே ஜோடி ஜோடியாகக் கட்டி வையுங்கள்.

காஸ்டரில் இரண்டு கோளாறு. ஒன்று உலோகம். காந்தம் ஒட்டவில்லை என்பதால் பித்தளை என்று நம்பிவிடாதீர்கள். முலாம் பூசிய துத்தநாக வார்ப்பிலும் ஒட்டாது. கிண்ணத்தின் உள்விளிம்பில் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். மஞ்சளாகவே இருந்தால் பித்தளை, வெளிறிய சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். துத்தநாகம் எளிதில் முறியும். கனமான மேசையை இழுக்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கழுத்தில் உடைந்துவிடும். (அசல் காஸ்டரிலும் சக்கர அச்சு இரும்பாக இருக்கக்கூடும். அங்கே காந்தம் ஒட்டினால் பதற வேண்டாம்.)

இன்னொன்று அளவு. விளம்பரத்தில் சொன்ன 38 மி.மீ. கிண்ணத்தின் வெளி அளவு. சுவர் இரண்டு பக்கமும் 2.5 மி.மீ. போக உள்ளே 33தான். எங்கள் மேசையின் 37 மி.மீ. கால் அதில் எப்படி நுழையும்? காலைச் சீவிவிடலாம் என்று ஆசாரியே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உள்வாய், உள்ளடி, ஆழம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கால் கீழே போகப்போகக் குறுகுவதால் ஒரு அளவு போதாது.

பெட்டி வந்ததும் காலிப்பரை (அளவுக் கருவி) வைத்தபடி படம் எடுத்துவிட்டு, அதன் பிறகே பொருத்தும் வேலையைத் தொடங்குங்கள். ஒரு திருகு போட்டாலும் “பயன்படுத்திய பொருள்” என்று திருப்பி வாங்க மறுக்கிறார்கள். அரமும் அப்படித்தான், அந்தச் சோதனைக்கு முன்பே சம்மதம் கேட்டுவிடுங்கள்.

“அசலை அனுப்புங்கள், அதே மாதிரி வார்த்துத் தருகிறோம்” என்பவர்களிடம் இன்னொரு ஆபத்து. பித்தளை ஆறும்போது ஏறக்குறைய 1.5 சதவீதம் சுருங்கும். அசலையே அச்சாக வைத்து வார்த்தால் 37 மி.மீ. உள்வாய் சுமார் 36.4 ஆகிவிடும். உள்பக்கத்தைக் கடைந்து சரிசெய்வார்களா என்று முன்பே கேளுங்கள். அனுப்புவதாக இருந்தால் ஒன்றை மட்டும், உள்ளே கூர்முனையால் ஒரு ரகசியக் குறி கீறி, எடையும் படமும் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். திரும்பி வருவது உங்கள் அசல்தானா என்று சரிபார்க்க இவை மூன்றும் உதவும்.