‘அச்சு அசல் 1952’ என்று விற்கும் கிட்டார் பாகங்கள்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஃபெண்டர் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் கிட்டாரான பழைய டெலிகாஸ்டர் மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசைப்பட்டுப் பாகங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பதிவு உங்களுக்காகத்தான். ‘1952 மாடலின் அச்சு அசல், ஒரு நூல்கூடப் பிசகாது’ என்று சொன்ன ஒருவரிடம் பாடி, நெக், பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்), வயரிங் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினேன். வந்தவற்றில் ஒன்றுகூட 1952 இல்லை. பல மாதச் சேமிப்பு போய்விட்டது. இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏன் இந்த கிட்டார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1950இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்து, அந்தப் பெயருக்கு கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபம் சொன்னதால் 1951இல் டெலிகாஸ்டர் ஆன கிட்டார் இது. லியோ ஃபெண்டர் இதைத் தொழிற்சாலையில் எளிதாகச் செய்யவும், பிறகு எளிதாகப் பழுது பார்க்கவும் ஏற்றமாதிரி வடிவமைத்தார். பாடி தட்டையான பலகை. நெக்கை ஒட்டுவதில்லை, நான்கு திருகுகளில் நின்றுவிடும். வீட்டில் மரம் குடையும் ரவுட்டர் ஒன்றும் பொறுமையும் இருப்பவர் நம்பி இறங்கக்கூடிய கிட்டார் இதுதான். ஆனால் எளிமையாக இருப்பதாலேயே ஒவ்வொரு அளவும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் அதை மறைக்க இதில் இடமே கிடையாது.

விற்றவர் இனிமையாகப் பேசினார். நான் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஃபிங்கர்போர்டின் (விரல் அழுத்தும் பலகை) வளைவு ஆரம் எத்தனை அங்குலம் என்று கேட்டேன். ‘கையில் பிடித்தால் பழைய காலத்துக்கே போய்விடுவீர்கள்’ என்றார். நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) துளைகள் வரை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ‘எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள், ஒருவரும் குறை சொன்னதில்லை’ என்றார். அளவுகோலை வைத்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன். அழகான வெளிச்சத்தில் எடுத்த நான்கு படங்கள் வந்தன, ஒன்றிலும் அளவுகோல் இல்லை. அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் நெக்கைக் கையில் எடுத்தேன். ஃப்ரெட்டுகளை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) எண்ணினால் 22. 1952இல் வந்தவற்றுக்கு 21தான். அவர் அனுப்பிய படத்திலும் 21தான் இருந்தது, அதாவது அந்தப் படம் வேறு யாருடைய நெக்கோ. அந்தக் கால நெக் ஒரே மேப்பிள் துண்டு. ஃப்ரெட்டுகளை அதிலேயே நேராக அறைந்திருப்பார்கள். நெக் வளையாமல் காக்க உள்ளே போகும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைப் பின்பக்கமாகக் குடைந்து இறக்கி, அந்தப் பள்ளத்தை வால்நட் பட்டையால் மூடுவார்கள். நெக்கின் முதுகில் ஓடும் அந்தக் கருங்கோட்டைத்தான் ஸ்கங்க் ஸ்ட்ரைப் என்கிறோம். எனக்கு வந்த நெக்கிலும் கருங்கோடு இருந்தது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன், கோடு மறைந்துவிட்டது! வெறும் சாயம். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் தனியாக ஒட்டிய ஃபிங்கர்போர்டின் இணைப்புக்கோடு தெளிவாகத் தெரிந்தது. ட்ரஸ் ராடைத் திருகும் இடம் தலைப்பக்கம் இருந்தது. பழையதில் அது நெக்கின் அடிப்பக்கம், பாடிக்குள் இருக்கும். வளைவு ஆரம் 7.25 அங்குலத்துக்குப் பதில் 12. கம்பிகளை முறுக்கும் டியூனர்களுக்கான துளைகள் 10 மிமீ. பழைய க்ளூசன் வகை டியூனருக்குச் சுமார் 8.7 மிமீ வேண்டும். தனியாக வாங்கி வைத்திருந்த டியூனர்களின் புஷ்ஷிங்குகள் (துளையில் செருகும் வளையங்கள்) அந்தத் துளைகளில் நிற்காமல் கழன்று விழுந்தன.

பாடி ஆஷ் மரம் என்றும், பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்றும் சொல்லியிருந்தார். பட்டர்ஸ்காட்ச் நிறத்தில் முன்னும் பின்னும் ரேகைகள் அருமையாகத் தெரிந்தன. பக்கவாட்டில் மட்டும் நிறம் தடிப்பாக, ரேகையே தெரியாமல் இருந்தது. பழைய பட்டர்ஸ்காட்ச் பூச்சில் எல்லாப் பக்கமும் மரம் தெரியும், அதனால் எனக்குச் சந்தேகம் வந்தது. நெக் உட்காரும் பள்ளத்துக்குள் பஞ்சில் அசிட்டோன் தொட்டு வைத்தேன். நைட்ரோ என்றால் கொஞ்ச நேரத்தில் இளகிப் பஞ்சில் ஒட்டும். இது அசையவே இல்லை. பாலியூரித்தேன் போன்ற கெட்டியான பூச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்புறம் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தேன். மேலும் கீழும் தாள் கனத்துக்கு ஆஷ் வெனீர்; நடுவில் நகம் வைத்து அழுத்தினால் பள்ளம் விழுகிற மென்மரம். உண்மையான பலகை என்றால் மேற்பரப்பில் ஓடும் ரேகை ஓரத்தில் மடங்கிக் கீழே தொடரும். அந்தத் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மரம் வேறாக இருந்தாலும் வாசிக்க முடிகிற கிட்டார் கிட்டாரே. என்னை உட்கார வைத்தது பிரிட்ஜ்தான்.

டெலிகாஸ்டரின் ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 25.5 அங்குலம், அதாவது 647.7 மிமீ. நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு அதில் சரிபாதி, 323.85 மிமீ. அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம் வர வேண்டும். தடித்த கம்பிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக விடுவோம், அதற்குத்தான் சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்தத் திருகுகள் இருக்கின்றன. நெக்கில் பன்னிரண்டாம் ஃப்ரெட் சரியாகத்தான் இருந்தது. பாடியில் துளைகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. பிரிட்ஜைப் பொருத்தி, சேடிலை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியும், மெல்லிய ‘E’ கம்பிக்கு 6 மிமீ கூடுதலாகவே நின்றது. கம்பி நீண்டுவிட்டால் மேலே போகப் போகச் சுரம் இறங்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரைச் சுரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்து ஒலித்தது. திறந்த கம்பிகளைச் சுத்தமாகச் சுருதி சேர்த்துவிட்டு ஐந்தாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் காது கூசியது.

பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் போதாதா என்று பலரும் கேட்டார்கள். மற்ற சில கிட்டார்களில் செய்யலாம். இதில் ஆறு கம்பிகளும் பாடியின் பின்பக்கத்திலிருந்து துளைகள் வழியாக ஏறி வருகின்றன, பிரிட்ஜ் பிக்அப்பும் அந்த உலோகத் தகட்டிலேயே தொங்குகிறது. தகட்டை நகர்த்த வேண்டுமென்றால் ஆறு துளைகளையும் மரக்கட்டை வைத்து அடைத்து மறுபடி துளைக்க வேண்டும், பிக்அப் பள்ளத்தையும் முன்பக்கம் வெட்ட வேண்டும். திருகே சரியாகப் பிடிக்காத அந்த மென்மரத்தில் இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பிக்அப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மல்டிமீட்டரில் 7.4 கிலோ ஓம் காட்டுகிறது, அதனால் பழைய முறைப்படி சுற்றியது என்று வாதாடினார். மின்தடை எண் ஒன்றையே வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. மெல்லிய கம்பியைக் குறைவாகச் சுற்றினாலும் அதே எண் வரும். பழைய பிக்அப்பில் கம்பிகளுக்குக் கீழே நிற்கும் ஆறு தண்டுகளே அல்நிகோ (ஓர் உலோகக் கலவை) காந்தங்கள். இதைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு செராமிக் காந்தப் பட்டைகள் ஒட்டியிருந்தன, தண்டுகள் வெறும் இரும்பு. வயரிங்கும் இன்றைய முறைதான், நடு நிலையில் இரண்டு பிக்அப்பும் சேர்ந்து ஒலித்தது. அந்தக் கால வயரிங்கில் நடு நிலையில் இரண்டும் சேர்ந்து ஒலிக்காது.

எனக்கு உண்மையாகவே பயம் தந்தது வேறொன்று. பெட்டியின் அடியில், நான் கேட்காமலே, பழைய பாணியில் அச்சடித்த நிறுவனப் பெயர் ஸ்டிக்கர் ஒன்றை வைத்திருந்தார். பிரிட்ஜ் தகட்டில் ஒரு வரிசை எண்ணும் பொறித்திருந்தது. அந்த ஆண்டுகளில் எண் அங்கேதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! 21 ஃப்ரெட் என்பது தெரியாதவருக்கா இது தெரியும்? ஆசைக்குப் பிரதி செய்வதில் தவறில்லை. பெயரும் எண்ணும் ஒட்டிவிட்டால் அது அடுத்த கைக்கோ, அதற்கடுத்த கைக்கோ போகும்போது அசல் என்று விலைபோகும். அந்த ஸ்டிக்கரைக் கத்தரித்துப் போட்டேன், எண்ணையும் அரம் வைத்து அழித்தேன்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது முதலில், ‘மரம் இயற்கைப் பொருள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது’ என்றார். பிரிட்ஜ் துளை இயற்கையாகவா விழுந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு, நான் சுரண்டிப் பார்த்ததால் திரும்ப எடுக்க முடியாது என்றார். இதில் என் தவறும் உண்டு. அளந்து படம் எடுத்த பிறகே எதையும் தொட்டிருக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்துவிடாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதையே காணொளியாக எடுத்து வையுங்கள். அளவுகோலும் காலிப்பரும் தெரியும்படி படங்கள் எடுங்கள். உப்புத்தாளும் அசிட்டோனும் பிறகு.

வாங்குமுன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நெக்கின் அடிப்பக்கம், முதுகு, பக்கவாட்டு, பாடியின் ஓர ரேகை, பிக்அப்பின் அடிப்பக்கம் ஆகியவற்றின் படங்கள், கூடவே நெக்கைப் பாடியில் வைத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளவுகோல் நீட்டிய ஒரு படம். நேர்மையாகச் செய்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. சொல்லப்போனால் அவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள், தங்கள் அளவுகளைப் பற்றிப் பேச அவர்களுக்குப் பிடிக்கும். இந்தத் தோல்விக்குப் பிறகு ஒருவரிடம் ஆஷ் பலகை கேட்டேன். எடை, ஈரப்பதம், ஓரப்படம் மூன்றையும் நான் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டார்.

அந்தப் பலகை இப்போது மேசைமேல் இருக்கிறது. முழு அளவு வரைபடத்தை அச்செடுத்து, அச்சில் சுருங்கியிருக்கிறதா என்று எஃகு அளவுகோலால் சரிபார்த்துவிட்டேன். நெக் வந்து சேர்ந்து, பள்ளத்தில் அது இறுக்கமாக உட்காரும்வரை பிரிட்ஜுக்கு ஒரு துளைகூடப் போடப்போவதில்லை.