நான்கு ரப்பர் சிசுக்களும் ஒரு கையேடும்

சபையின் வாலிபர் வகுப்பில் கருவிலிருக்கும் உயிரைப் பற்றி இரண்டு வாரம் பாடம் எடுக்கச் சொன்னார்கள். வெறுமனே படம் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரியும். அதனால் கருக்குழந்தை மாதிரிகள் அடங்கிய பெட்டி ஒன்றை வரவழைத்தேன். மொத்தம் நான்கு: 12, 16, 20, 26 வாரம். கூடவே ஒரு கையேடு.

மாதிரிகள் அருமை. மெத்தென்ற ரப்பர், உள்ளே எடையும் வைத்திருக்கிறார்கள். இருபது வாரத்துக் குழந்தையைக் கையில் வாங்கியதும் எல்லாரும் தானாகவே இன்னொரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்தார்கள். வகுப்பிலேயே பெரிய வம்புக்காரப் பையனும் அப்படித்தான் பிடித்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பெயிண்ட் மட்டும் நாலு கை மாறியதும் தொப்புள்கொடியில் உரிய ஆரம்பித்துவிட்டது.

நர்ஸிங் படிக்கும் பெண் ஒருத்தி சின்ன மாதிரியை ஸ்கேல் வைத்து அளந்தாள். “அக்கா, 12 வாரத்துல ஸ்கேன்ல அஞ்சரை சென்டிமீட்டர்தானே இருக்கும்? இது எட்டரைக்கு மேல வருதே?” என்றாள். நியாயமான கேள்வி. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரத்தை எண்ணுவார்கள். பெட்டியில் இருப்பது கருத்தரித்த நாளிலிருந்து எண்ணிய கணக்கு. அதனால் பெட்டியின் 12 வாரம் மருத்துவர் கணக்கில் 14 வாரம். இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அளவில் சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

கையேட்டின் முதல் பாதியைப் பாராட்டத்தான் வேண்டும். லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய யோவானுக்கும், அடுத்த அதிகாரத்தில் முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்தப்பட்டிருந்த இயேசுவுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான், பிரெபோஸ் என்று காட்டுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பிலும் இரண்டு இடத்திலும் ‘பிள்ளை’தான். இத்தனை வருஷம் வாசித்தும் நான் கவனித்ததில்லை.

பின்பாதிதான் எரிச்சல். ஆதிச் சபையின் போதனை நூலான திதாகேயின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து, கருவைச் சிதைக்காதே, பிறந்த சிசுவைக் கொல்லாதே என்ற கட்டளையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சரி. அதே நூலின் ஐந்தாம் அதிகாரம் பிள்ளைகளைக் கொல்கிறவர்களைக் கண்டிக்கிற பட்டியலிலேயே, தேவையோடு வருகிறவனைத் துரத்துகிறவர்களையும் ஏழைக்கு அநியாயத் தீர்ப்பு செய்கிறவர்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதைக் காணோம். வயிற்றில் பிள்ளையோடு கைவிடப்பட்டு நிற்கும் பெண்ணைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை, தண்டனை மட்டும் மூன்று பக்கம். வகுப்பில் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டு, பிரசவத்துக்கு அப்புறமும் அவளோடு யார் இருப்பது என்று பேசவைத்தேன். அந்தப் பேச்சுதான் நேரம் போனதே தெரியாமல் ஓடியது.

பிறகு பெண்கள் ஐக்கிய கூட்டத்துக்கும் பெட்டியை எடுத்துப் போனேன். வயதான ஓர் அம்மா சின்ன மாதிரியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் தரவில்லை. “எனக்கு மூணாம் மாசம் கலைஞ்சது. யாரும் காட்டலை. இவ்வளவுதான் இருந்திருக்கும், இல்லையா?” என்றார். கையேட்டில் அவருக்கும் ஒரு வரி கிடையாது.

மாதிரிகளுக்காக வாங்கலாம். கையேட்டை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். என் பெட்டியில் இப்போது மூன்றுதான் இருக்கின்றன. சின்னது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவர்களிடம் கேட்டேன். செட்டாகத்தான் தருவார்களாம்.