சார்பட்டா பரம்பரையா, வடசென்னையா?

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்துக்கே நேரம் கிடைப்பதால், இவ்விரண்டில் எதைப் பார்ப்பது என்ற கேள்வி அண்மையில் எழுந்தது. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துவிட்டேன்.

நீளம்: இரண்டுமே இரண்டரை மணி நேரத்தைத் தாண்டுபவை.

கதையோட்டம்: 2021இல் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியான பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை', துறைமுகத் தொழிலாளி கபிலன் குத்துச்சண்டையில் எழுந்து, வீழ்ந்து, மீள்வதை நேர்கோட்டில் சொல்கிறது. 2018இல் வந்த வெற்றிமாறனின் 'வடசென்னை' காலத்தில் முன்னும் பின்னும் நகர்வதால், முழுக் கவனத்தைக் கேட்கிறது.

எங்கள் ஊர்: வடசென்னை என்றாலே கத்தி என்று எண்ணுவோரிடம், நெருக்கடி நிலைக் காலத்து அரசியலையும் குத்துச்சண்டை கற்றுத்தரும் ரங்கன் வாத்தியார் மீது மாணவர்கள் வைத்த மதிப்பையும் காட்டும் முதல் படத்தையே நான் பெருமையோடு முன்வைப்பேன். ஆயினும், சாலைத் திட்டத்துக்காகக் கடலோரக் குடியிருப்பை இழக்க மறுக்கும் மக்களின் கோபத்தை இரண்டாவது படம் சொல்லும் ஆழம், என்னை இரவு வெகுநேரம் உறங்கவிடவில்லை.

வன்முறை: 'வடசென்னை'யில் மிக அதிகம்.

பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து அமரும் வீட்டுக்குச் 'சார்பட்டா' பொருந்தும். தனியாக, இடையில் நிறுத்தாமல் பார்க்க முடிந்தவர்கள் 'வடசென்னை'யைத் தேர்ந்தெடுக்கலாம்.