சிறார் வழக்குகளில் வாதாட மூன்று வழிகள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

சட்டம் படித்து முடித்து, சிறார்களுக்காக வாதாட வேண்டும் என்று விரும்பி வருகிற இளம் வழக்கறிஞர்களுக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு. தனியாக வக்காலத்துப் போடலாம். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வழக்குக்கு வழக்கு மதிப்பூதியம் தந்து அமர்த்தும் பட்டியல் வழக்கறிஞராகலாம். 2022-இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு விரிவாக்கிய திட்டத்தின்கீழ், குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக மட்டுமே வாதாடும் முழுநேரச் சட்ட உதவி வழக்கறிஞராகச் சேரலாம். இவற்றை வருமானத்தை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு: பிடிபட்ட பையனை முதன்முதலாகக் கொண்டுவந்து நிறுத்தும் நாளில் பக்கத்தில் யார் இருப்பார்?

அந்த ஒரு நாளுக்கு ஏன் இவ்வளவு எடை? பிடித்த 24 மணி நேரத்துக்குள் சிறுவனை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் அவனை விடுவிப்பதே விதி. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் இந்த விதிவிலக்குகளே விதியாகிவிடும். விசாரணைக் காலத்தில் சிறார்களை அடைத்துவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் பையன் போவான். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் 17 வயதுச் சிறுவன் தாக்கப்பட்டு இறந்தான். இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். "சில நாள்தானே, இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மரணம்தான்.

இந்த அளவுகோலில் தனி வழக்கறிஞர் முதலிலேயே பின்தங்கிவிடுகிறார். அது அவருடைய குறையன்று. பெற்றோர் பணம் புரட்டி, ஆளைத் தேடிப் பிடித்து வருவதற்குள் முதல் நாள் முடிந்துவிடுகிறது. ஆனால் ஓரிடத்தில் அவருக்கு நிகரில்லை. 16 வயது நிரம்பிய சிறுவன்மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குழுமத்தில் குழந்தை உளவியல் படித்த உறுப்பினர் இல்லையென்றால் உளவியலாளரின் உதவியைப் பெற்றே தீர வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையை வரிக்கு வரி கேள்வி கேட்க நேரம் வேண்டும். வசதியுள்ள குடும்பத்துப் பையனுக்கு அந்த நேரத்தைக் காசு வாங்கித் தருகிறது.

பட்டியல் வழக்கறிஞரின் பலம் பழக்கம். குழுமத்தில் உயர்ந்த மேடை கிடையாது, சாட்சிக் கூண்டும் கிடையாது. ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்ந்திருப்பார்கள். அங்கே நீதிமன்றக் குரலில் முழங்கினால் பையன்தான் மிரண்டுபோவான். நன்னடத்தை அலுவலரின் சமூகப் பின்னணி அறிக்கையை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் மறுப்பது என்பதெல்லாம் அங்கேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவருக்குத்தான் கைவரும். பலவீனம் மதிப்பூதியத்தில் இருக்கிறது. அதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடுகிறார்கள். தலைமையாசிரியர் அறையில் காத்திருந்து பையனின் பிறந்த தேதிச் சான்றை வாங்கிவரும் ஒரு பகல் அந்தக் கணக்கில் வராது.

அந்தத் தாளில்தான் வழக்கே இருக்கக்கூடும். வயதை முடிவுசெய்ய முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை என்று 94-ஆம் பிரிவு வரிசை வகுத்திருக்கிறது. காவல் நிலையத்தில் "வயது 19" என்று எழுதிவிட்டால் பையன் குழுமத்துக்கே வரமாட்டான். நேராக நடுவர் நீதிமன்றம், அங்கிருந்து பெரியவர்களின் சிறை. குழுமத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும் நல்ல வழக்கறிஞரின் கண்ணில் அவன் படவே வழியில்லை. ரிமாண்ட் நேரத்தில் நடுவர் நீதிமன்றத்தில் நிற்பவர் முழுநேர வழக்கறிஞர். மீசை முளைக்காத முகத்தைப் பார்த்து "எந்த வருஷம் பத்தாவது எழுதினாய் தம்பி?" என்று கேட்க வாய்ப்புள்ளவர் அவர்தான். என் தராசு அவர் பக்கம் சாய்வதற்கு முதற்காரணம் இது.

இன்னொரு காரணமும் உண்டு. ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லாமல் ஏழு நாளாகியும் வெளியே போக முடியாத சிறுவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்தச் சொல்கிறது சட்டம். அந்த ஏழாம் நாளை நினைவில் வைத்திருக்க ஓர் அலுவலகமும் ஒரு பதிவேடும் வேண்டும். "குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி வரும் தாயிடம், சிறு குற்றமென்றால் நான்கு மாதமும் நீட்டிப்புக் காலமும் கடந்தும் விசாரணை முடியாவிட்டால் வழக்கே முடிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கவும் ஆள் வேண்டும். அடுத்த கட்சிக்காரரின் கட்டணத்தை நம்பி இருப்பவருக்கு அந்தப் பொறுமை எளிதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முழுநேரப் பணி நிரந்தரமில்லை. முதலில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான். வெளியே தனி வழக்கு எடுக்கக் கூடாது. கொலையும் கொள்ளையுமாகப் பெரியவர்களின் வழக்குகள் மேசையை நிரப்பும். சிறார் கோப்பு அடியில் போய்விடும். ஒரே வழக்கில் பிடிபட்ட இரண்டு பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னால் ஒரே அலுவலகம் இருவருக்கும் வாதாடுவது முறையாகாது. அங்கே பட்டியல் வழக்கறிஞர் கட்டாயம் தேவை. ஆகவே முழுநேரத் திட்டமே போதும், பட்டியலைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

புதிதாக வருபவருக்கு நடைமுறையில் ஒரு வசதி: பட்டியலில் சேர பொதுவாக மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள், முழுநேரத் திட்டத்தின் உதவி வழக்கறிஞர் பணிக்கு அந்தத் தடை இல்லை. அங்கே தொடங்குங்கள். நேர்காணலில் ஊதியத்தைக் கேட்கும் முன், குழுமம் கூடும் நாள்களில் உங்களை வேறு நீதிமன்றத்துக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அனுப்புவோம் என்றால், அந்த நாள்களைச் சிறார்களுக்கென்றே ஒதுக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.