அரசியல், வரலாறு, பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த பட்டப்படிப்பு: படித்து முடித்தவளின் மதிப்பீடு

இந்த மூன்றையும் ஒன்றாகப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் படிக்கலாம். ஆனால் மூன்றையும் ஒரே வகுப்பில் உட்கார்த்தி நடத்துகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பல இடங்களில் மூன்று துறைகளும் தனித்தனியாகப் பாடம் நடத்துகின்றன, சான்றிதழில் மட்டும்தான் ஒன்று சேர்கின்றன. நான் படித்தது ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில். நான் கிறிஸ்தவள் இல்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டு சாதாரணம். தேவை, அளிப்பு வரைபடங்கள் ஒரு பக்கம், அரசியல் சிந்தனையாளர்களான ஹாப்ஸும் லாக்கும் இன்னொரு பக்கம், ஐரோப்பிய வரலாறு தனியாக.

இரண்டாம் ஆண்டில் வரும் கூட்டுக் கருத்தரங்குக்காகத்தான் இந்தப் படிப்பையே பரிந்துரைக்கிறேன். மூன்று துறை ஆசிரியர்களும் ஒரே அறையில் இருப்பார்கள். செமஸ்டர் முழுவதும் ஒரே ஒரு நிகழ்வு. எங்களுக்கு வந்தது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம்.

வரலாற்று ஆசிரியர் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் வெடித்த எழுச்சியிலிருந்து ஆரம்பித்தார். அதை முன்னின்று நடத்திய சாமுவேல் ஷார்ப் ஓர் அடிமை, பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையில் டீக்கன் என்ற ஊழியப் பொறுப்பில் இருந்தவரும்கூட. மறு ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். அரசியல் ஆசிரியர் அதே 1832-இல் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார். கரீபியன் தோட்ட முதலாளிகளுக்கு நாடாளுமன்றத்தில் இருந்த பிடி எப்படித் தளர்ந்தது என்று காட்டினார். பொருளியல் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: “பணம் யாருக்குப் போனது?” அரசு ஒதுக்கிய 2 கோடி பவுண்ட் இழப்பீடு முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது. அதில் பெரும்பகுதி கடன் வாங்கித் திரட்டிய பணம். விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசு கிடையாது. குழந்தைகள் தவிர மற்றவர்கள் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் 1838 வரை, வாரத்தின் பெரும்பகுதி, கூலியில்லாமல் பழைய முதலாளிகளிடமே உழைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் வாதம் தொடங்கியது. தோட்டப் பொருளாதாரம் நலிந்ததுதான் ஒழிப்புக்கு வழிவிட்டது என்று வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944-இல் எழுதினார். அடிமை வணிகத்தைத் தடை செய்த 1807 வாக்கில் அந்தத் தோட்டங்கள் நலியவே இல்லை என்று இன்னொரு வரலாற்றாசிரியர் சீமோர் டிரெஷர் 1977-இல் வர்த்தகக் கணக்குகளோடு மறுத்தார். ஒரு வாரம் ஒருவர் பக்கம், மறுவாரம் மற்றவர் பக்கம் நின்று நாங்கள் எழுத வேண்டும். ஏற்றுமதி அட்டவணையை வாசிக்கத் தெரியாதவர் டிரெஷரோடு மோத முடியாது. ஒழிப்பு கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுக்களில் கையெழுத்திட்ட மக்களை மறந்தவர் வில்லியம்ஸை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்குவார். தனித்தனியாகப் படித்திருந்தால் இதில் ஏதாவது ஒன்றுதான் எனக்குக் கிடைத்திருக்கும்.

கிறிஸ்தவ நிறுவனம் என்றால் சங்கடமான வரலாற்றை மூடி மறைப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. பார்படாஸில் இருந்த காட்ரிங்டன் தோட்டங்கள் ஆங்கிலிகன் மிஷன் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தன. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். அதை வாசிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது இறையியல் துறைதான். ஒழிப்புக்குப் போராடிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸும் வாசித்த அதே பைபிளைத்தான் இந்தச் சங்கமும் வாசித்தது. அன்று வகுப்பில் பேச்சு சூடானது. ஒரு போதகரின் மகள் எழுந்து, “சபை செய்ததற்குச் சபைதான் கணக்குச் சொல்ல வேண்டும்” என்றாள். சட்டம் சரியா, லாபமா என்பதோடு நிற்காமல், நியாயமா என்ற கேள்வியை வெட்கப்படாமல் கேட்க அங்கே இடம் இருந்தது.

கட்டாய இறையியல் தாளும் வீண் போகவில்லை. நியாய விலை, வட்டி பற்றி இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் சொன்னது, தொழிலாளர் கூலி பற்றி போப் பதின்மூன்றாம் லியோ 1891-இல் விடுத்த சுற்றுமடல் எல்லாம் அதில் வந்தன. கீழ்மட்ட அமைப்பால் முடிகிற வேலையை மேல்மட்டம் பறிக்கக் கூடாது என்று 1931-இல் இன்னொரு போப் எழுதிய கொள்கை, 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியாகவே வந்து நிற்கிறது. அதைக் கண்டுகொண்ட நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறைகளும் உண்டு. பெரிய குறை கணிதம். புள்ளியியலில் ஒரு தாள், அளவைப் பொருளியலில் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் துறை) ஓர் அறிமுகம், அவ்வளவுதான். பொருளியலில் முதுகலை போக நினைப்பவர்கள் நேரியல் இயற்கணிதத்தையும் இன்னும் ஆழமான அளவைப் பொருளியலையும் விருப்பப் பாடமாக எடுத்தே ஆக வேண்டும். ஆனால் எங்கள் கால அட்டவணையில் அவை வரலாற்று வகுப்போடு மோதின. இரண்டு ஆண்டுகளாக மாணவர்கள் எழுதிக் கொடுத்தும் நிர்வாகம் மாற்றவில்லை. மூன்று துறை மாணவர்களுக்கு ஒரு தனி ஒருங்கிணைப்பாளரைக்கூட நியமிக்காதது பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

வழிபாட்டுக்குப் போவது என் பல்கலைக்கழகத்தில் விருப்பம் மட்டுமே. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சில கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் விசுவாச அறிக்கையில் கையெழுத்து கேட்பார்கள், ஆராதனை வருகையையும் கணக்கில் வைப்பார்கள். கட்டணம் கட்டும் முன் மாணவர் கையேட்டைக் கேட்டு வாங்கி வாசித்துவிடுங்கள்.

வங்கி, முதலீட்டு நிறுவனம் என்று இலக்கு வைத்திருப்பவர்களுக்கு நேரடிப் பொருளியல் பட்டமே நல்லது. கொள்கை ஆய்வு, இதழியல், சட்டம், ஆட்சிப்பணி பக்கம் மனம் போகிறவர்களுக்கு இது பொருத்தம். சேருவதற்கு முன் இறுதியாண்டு ஆய்வேட்டுத் தலைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஆய்வேட்டுக்கு இரண்டு துறை ஆசிரியர்கள் வழிகாட்டியாக இருந்தால் நம்பிச் சேரலாம். எல்லாத் தலைப்பும் ஒரே துறைக்குள் அடங்கிக் கிடந்தால் வேறு இடம் பாருங்கள்.