செயலிக்கு காப்பிரைட் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கட்டும் முன்

‘48 மணி நேரத்தில் உங்கள் ஆப்புக்கு காப்பிரைட்’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. போட்டிருப்பது கோவையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஏஜென்சி. பெயரைப் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. ஆனால் எங்களிடம் எப்படிப் பணம் பிடுங்கினார்கள் என்பதை விவரமாகவே சொல்கிறேன். இதே வேலையை வேறு பெயர்களிலும் ஆட்கள் செய்கிறார்கள், முறையைத் தெரிந்துகொண்டால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

நானும் நண்பனும் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு ஒரு கூலிக்கணக்குச் செயலி செய்து விற்கிறோம். எந்தப் பாவு (நெடுக்கு நூல்) எந்தத் தறியில் ஏறியது, எத்தனை மீட்டர் அறுத்துக் கொடுத்தாயிற்று, ஊடை நூல் எவ்வளவு மிச்சம், கூலி எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதிவந்ததை போனில் எழுதுகிற வேலைதான். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேர் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது.

ஏஜென்சிக்காரர் கேட்டது 24,000 ரூபாய், ‘கவர்மென்ட் ஃபீஸ் எல்லாம் சேர்த்து’. நாங்கள் கொடுக்க வேண்டியது நாலு ஸ்கிரீன்ஷாட், லோகோ, செயலி என்ன செய்யும் என்று இரண்டு பக்கக் குறிப்பு, அவ்வளவுதான். “இனி உங்க ஐடியாவைக்கூட ஒருத்தனும் தொட முடியாதுங்க சார். பேரும் இதிலேயே சேஃப்” என்றார். சொன்னபடி ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே ஏஜென்சியின் முத்திரை, நடுவில் தங்க நிற பார்டர், ‘வாழ்த்துகள்’ என்று பெரிய எழுத்து. அடியில் சின்னதாக ஒரு டைரி எண்.

அப்புறம் பிளே ஸ்டோரில் எங்கள் செயலியின் நகல் ஒன்று வேறு பெயரில் ஏறியது. பச்சை நிறத்தை நீலமாக மாற்றியிருந்தார்கள், மற்றதெல்லாம் அப்படியே. ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தால், சோதனைக்காக நாங்கள் போட்டு வைத்திருந்த ‘டெஸ்ட் தறி 7, 111 மீட்டர்’ என்ற வரிகூட உட்கார்ந்திருந்தது. அதை அழிக்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஏஜென்சிக்கு போன் போட்டோம். “அதுக்குத் தனி பேக்கேஜ்ங்க சார், லீகல் நோட்டீஸ் 15,000 ஆகும்” என்றார்கள்.

அதற்குமேல் அவர்களிடம் போகாமல் ஒரு வக்கீலிடம் போனோம். பிடிஎஃபைப் பார்த்ததும் அவர் விரல் வைத்த இடம் டைரி எண்ணின் வால். ‘சிஓ/எல்’ என்று முடிந்திருந்தது. எல் என்றால் இலக்கியப் படைப்பு. கணினி மென்பொருள் என்று விண்ணப்பித்திருந்தால் அங்கே சாஃப்ட்வேரைக் குறிக்கும் ‘எஸ்டபிள்யூ’ இருக்க வேண்டும். இவர்கள் பதிவுக்குக் கொடுத்திருந்தது நாங்கள் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு பக்கக் குறிப்பை. செயலியின் ஒரு வரி நிரல் (கோடு) கூட டெல்லியில் இருக்கும் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்துக்குப் போகவில்லை.

இதைக் கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்தான் அபாரம். “சட்டப்படி ப்ரோக்ராமும் இலக்கியம்தானே சார், வேணும்னா ஆக்ட்டை எடுத்துப் பாருங்க.” பாதி உண்மை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்பதற்குள்தான் வைத்திருக்கிறது. ஆனால் எந்த எழுத்தைத் தாக்கல் செய்கிறோமோ அதற்குத்தான் பதிவு. குறிப்பைப் பதிந்துவிட்டு நிரலுக்குச் சான்றிதழ் இருக்கிறது என்றால், நிலத்தின் போட்டோவைப் பதிந்துவிட்டு நிலம் நம் பெயரில் இருக்கிறது என்பது மாதிரி. மென்பொருள் பதிவுக்கு சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கட்டாயம், மொத்தமே 20 பக்கத்துக்குக் குறைவென்றால் முழுவதும், எங்கேயும் கறுப்பு அடித்து மறைக்கக் கூடாது என்று 2021-இல் திருத்திய விதி தெளிவாகச் சொல்கிறது. கோடே கேட்காத ஏஜென்ட் உங்கள் மென்பொருளைப் பதியப் போவதில்லை, இதை மட்டும் மனதில் வையுங்கள்.

48 மணி நேரம் என்பதும் கண்கட்டுதான். விண்ணப்பம் போட்ட பிறகு, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்வதற்காக 30 நாள் காத்திருந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் அதிகாரியின் ஆய்வு. விண்ணப்பம் உள்ளே போனதற்கு அடையாளம்தான் டைரி எண். அது ஆன்லைனில் போட்ட உடனே யாருக்கும் கிடைக்கும். அதைத்தான் தங்க பார்டர் போட்டு எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அரசுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய்.

பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் டைரி எண்ணைப் போட்டால் விண்ணப்பத்தின் நிலை தெரியும், அதற்குக் காசு கிடையாது. போட்டுப் பார்த்தோம். குறைகளைக் கேட்டு அலுவலகம் கடிதம் அனுப்பியிருப்பதாகக் காட்டியது. எங்களுக்கு எப்படி வரும்? விண்ணப்பத்தில் இவர்கள் கொடுத்திருந்தது தங்கள் மின்னஞ்சலை. பதில் போடவே இல்லை.

பெயர் விஷயமும் அதே லட்சணம். செயலியின் பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது, அது டிரேட்மார்க்கில் வரும். தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்: தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய். ஐடியாவுக்கும் கிடையாது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்துக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உரிமை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாளைக்கே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொந்தமாக உட்கார்ந்து, எங்கள் கோடைத் தொடாமல், இன்னொரு கூலிக்கணக்குச் செயலி எழுதினால் நாங்கள் ஒன்றும் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது என்பது என் எண்ணம்.

வக்கீல் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “இதை எழுதினது யார் யாரு?” ஏஜென்சி ஒருமுறைகூட இதைக் கேட்கவில்லை. ரிப்போர்ட் பகுதியை ஒரு கல்லூரித் தம்பி பகுதிநேரமாக எழுதித் தந்திருந்தார். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. இப்படி வெளியில் கொடுத்து எழுதி வாங்கினால், பணம் கொடுத்திருந்தாலும் உரிமை எழுதியவருக்குத்தான், அவர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் மாற்றித் தரும்வரை. அந்தப் பத்திரத்திலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஆளை வைத்துச் செயலி எழுதி வாங்குகிற கடைக்காரர்கள், கோச்சிங் சென்டர்காரர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள். எங்கள் தம்பி நல்லவர், கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நகல் செயலியை இறக்கப் பதிவு எதுவும் தேவைப்படவில்லை. எழுதிய கணமே நிரலுக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சாட்சி, அவ்வளவே. பிளே ஸ்டோரின் புகார்ப் படிவத்தில் இரண்டு செயலிகளின் இணைப்பையும் கொடுத்து, எங்கள் கிட் பதிவுகளையும் (எந்த வரியை எப்போது எழுதினோம் என்று காட்டும் வரலாறு) அந்த டெஸ்ட் தறி வரியையும் விளக்கி நாங்களே எழுதினோம். நகல் இறங்கிவிட்டது. வழக்கு என்று போனால் அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் உண்டு. நகல் போட்டவர் போனில் கெஞ்சியதால் அதுவரை போகவில்லை.

மென்பொருள் என்ற வகையில் இப்போது நாங்களே புதிதாக விண்ணப்பம் போட்டிருக்கிறோம். போடப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: மறைக்க அனுமதி இல்லை என்பதால், ஏபிஐ கீ (வெளிச் சேவைகளை இணைக்கும் ரகசியக் குறியீடு), பாஸ்வேர்டு எதுவும் அந்த முதல், கடைசிப் பக்கங்களில் இல்லாதபடி முதலிலேயே தனிக் கோப்புக்கு நகர்த்திவிடுங்கள். மின்னஞ்சல் கட்டத்தில் உங்கள் சொந்த முகவரி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ‘கன்சல்டன்சி சார்ஜ்’ போக 6,000 தருகிறேன் என்றார்கள். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். தொழிலுக்காக வாங்கிய சேவை என்பதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம், சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வதைக் காட்டினால் தாக்குப்பிடிக்கும் என்கிறார் வக்கீல். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்கிறோம். இதே ஏஜென்சியிடமோ இதே மாதிரி ஆட்களிடமோ பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள், தனிச்செய்தியில் தொடர்புகொள்ளுங்கள்.